தொட்டில் ஆணி

எழுத்து தெரியாததால் நான் சொல்ல, மருமகள் ஃபோனில் தட்டுகிறாள்.

பழைய கூரையைப் பிரித்தபோது கிடைத்த தேக்குச் சட்டத்தில் பெஞ்சு செய்கிறேன். நாற்பது வருடம் முன்பு அதில் ஆணி அடித்தவன் நானே. பதினொன்று என்று மனக்கணக்கு. இன்று காலை பதினொன்றையும் பிடுங்கினேன்.

மறுமுனையை மருமகள் பிடித்துக்கொண்டாள். மின்ரம்பம் இறங்கியதும் தீப்பொறி. ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து, அவள் காதோரம் பாய்ந்து கதவில் குத்தி நின்றது.

“மாமா, ஆணியெல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே!”

“எடுத்தேனே மோளே...”

அப்புறம்தான் நினைவு வந்தது. மகனின் தொட்டில் கயிறு நழுவாமலிருக்க அடித்த பன்னிரண்டாவது ஆணி. அவளிடம் சொன்னேன்.

“உங்க மகன் தொட்டில்லேருந்தே எனக்கு வினைதான்!” என்று அவள் சிரித்தாள்.

நான் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். இன்னும் எதையெல்லாம் மறந்தேன் என்று மறந்தவனுக்கு எப்படித் தெரியும்?

மிச்ச ஆணியைத் தேட, கொச்சி மட்டாஞ்சேரியில் யாரிடமாவது பெரிய காந்தம் உண்டா? சாயா என் கணக்கு.