சொல்தா சோமசேகரன் தாங்கிப் பிடித்த சிப்பாய்

கோட்டுச்சேரியில் சோமசேகரன் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். 'சொல்தா வீடு' என்றால் நேரே கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்குக் காரைக்கால் பக்கம் அதுதான் பெயர். மற்ற சொல்தாக்கள் வாயைத் திறந்தால் குண்டு பறக்கும். இவரிடம் போரைப் பற்றிக் கேட்டால், "நான் பதினஞ்சு வருஷமும் ஸ்டோர்ல உட்கார்ந்து பூட்ஸ் அளந்து குடுத்தேங்க. நாப்பத்தி ரெண்டாம் நம்பர் காலுக்கு நாப்பத்தி ஒண்ணு குடுத்ததுதான் நான் பண்ணுன ஒரே கொடுமை" என்பார்.

யாரும் நம்பமாட்டார்கள். நம்பாமல் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி நீலாயதாட்சி. "அவருக்குத் தன்னைப் பத்திப் பேசுனா கூச்சம்" என்று சொல்லிவிட்டு, பாலைவனத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கிடந்த கதையை எடுத்துவிடுவாள். அந்தக் கதை அவளுக்கு எங்கே கிடைத்தது என்று சோமசேகரனுக்கே தெரியாது. நன்றாக இருந்ததால் அவரும் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம். தரங்கம்பாடிக் கோட்டையில் டென்மார்க்கிலிருந்து ஒரு குழு வந்து, பழைய காலத்துச் சிப்பாய்களைப் போல உடுத்திக்கொண்டு இரண்டு நாள் முகாம் போடப்போகிறது என்று செய்தி வந்தது. நீலாயதாட்சி உடனே பெட்டியைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த மெடலைக் குத்திக்கிட்டு வாங்க."

"அது ஸ்டோரைச் சுத்தமா வச்சிருந்ததுக்குக் குடுத்ததுடி."

"அப்படின்னு அதுல எழுதியா இருக்கு?"

"எழுதித்தான் இருக்கு."

"பிரெஞ்சுலதானே எழுதியிருக்கு? யாரு படிக்கப் போறா?"

எழுபது வயதில் சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு, பொறையாறு வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார் சோமசேகரன். மெடலைப் பார்த்து யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.

கோட்டைக்குள் நல்ல கூட்டம். கூடாரம் அடித்திருந்தார்கள். நீளப் பாவாடை கட்டிய ஒரு டென்மார்க் அம்மாள் இரும்புக் கொப்பரையில் பட்டாணிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். ஆறு பேர் சேர்ந்து கால்மணி நேரம் பாடுபட்டு ஒரு பீரங்கிக்கு மருந்து அடைத்துத் தீ வைத்தார்கள். அது 'புஸ்' என்றது. கூட்டம் விசில் அடித்தது. இரண்டாம் தடவை வெடித்தபோது கோட்டை மதிலில் இருந்த காக்கைகள் மொத்தமும் கடல் பக்கம் பறந்துபோயின.

"இதை வச்சுக்கிட்டா நம்மளை ஆண்டானுங்க?" என்றாள் நீலாயதாட்சி.

"நம்மளை ஆண்டது வேற ஆளு. இவங்க தரங்கம்பாடியை மட்டும்தான்."

வாசலில் ஒரு காவல் சிப்பாய் நின்றான். ஆறடிக்கு மேல் உயரம். கழுத்துவரை பித்தான் போட்ட சிவப்புக் கம்பளிக் கோட்டு, தோளில் நீளத் துப்பாக்கி. உச்சி வெயிலில் அசையாமல் நின்றதால், சிலையா ஆளா என்று கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் முகம் முதலில் கோட்டின் நிறத்தில் இருந்தது. சோமசேகரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது.

சோமசேகரனின் கண் அவன் முட்டியில் போய் நின்றது. இரண்டும் விறைத்துப் பின்னால் வளைந்திருந்தன. ராணுவத்தில் இருந்தபோது ஆப்பிரிக்காவில் ஜிபுத்தியில் ஒரு அணிவகுப்பில் அவரும் இப்படித்தான் ஒரு மணி நேரம் முட்டியை இறுக்கிக்கொண்டு நின்றார். அடுத்து அவருக்குத் தெரிந்தது ஜெனரலின் பூட்ஸ். அதன்மேல் அவர் மூக்கு. உத்தரவில்லாமல் விழுந்ததற்காக எட்டு நாள் அடைத்து வைத்தார்கள். நாற்பது வருஷமாக இதை அவர் நீலாயதாட்சியிடம்கூடச் சொன்னதில்லை.

நேரே சிப்பாயிடம் போய், முட்டியை மடக்கு என்று பிரெஞ்சில் அதட்டினார். டென்மார்க்காரனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மெடலைப் பார்த்தான். யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து இன்னும் விறைப்பாக நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்தான்.

சோமசேகரன் இரண்டு கையாலும் தாங்கினார். தாங்கினார் என்றால், அவன் தலை தரையில் மோதவில்லை. இவர் அடியில் இருந்தார். துப்பாக்கி ஒரு கடலை வண்டியில் போய் விழுந்தது. இதுவும் நாடகம் என்று கூட்டம் கைதட்டியது.

"கைதட்டுறீங்களே, அறிவு இருக்கா? எங்க வீட்டுக்காரரு அடியில கெடக்காரு!" என்று நீலாயதாட்சி போட்ட சத்தத்தில்தான் கைதட்டல் நின்றது.

நாலு பேர் சிப்பாயைப் புரட்டினார்கள். அடியிலிருந்து எழுந்த சோமசேகரன் மண்ணைக்கூடத் தட்டவில்லை. அவன் கால் இரண்டையும் தூக்கிப் பக்கத்திலிருந்த தம்பட்டத்தின்மேல் வைத்தார். கோட்டின் பதினான்கு பித்தான்களையும் அவர் விரல்கள் மளமளவென்று கழற்றின. நீலாயதாட்சி முந்தானையால் விசிறினாள். யாரோ ஒரு சோடாவை உடைத்து அவன் முகத்தில் ஊற்றினார்கள். கஞ்சி கிண்டிய அம்மாள் ஓடிவந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. சோமசேகரன் சொல்லச் சொல்ல அவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மிச்சமிருந்த சிப்பாய்கள் எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டு பனியனோடு நிழலில் உட்கார்ந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது நீலாயதாட்சி கேட்டாள்: "விழப்போறான்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

அவருக்கு இடுப்பு வலியில் உயிர்போனது. பொய் சொல்லத் தெம்பில்லை. ஜிபுத்திக் கதையைச் சொன்னார். ஜெனரலின் பூட்ஸ் வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நண்டலாறு பாலம் வருவதற்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. "இதையில்ல முதல்லயே சொல்லியிருக்கணும்!" என்றாள்.

ஆனால் தெருவுக்குள் வந்ததும், டென்மார்க் கேப்டன் ஒருவரை இவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியதாகத்தான் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்தக் கேப்டன் நேரில் வருகிறார் என்று தெரிந்ததும் தெருவே கூடிவிட்டது.

அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் காரிலிருந்து இறங்கினான் அவன். கஞ்சி அம்மாள் கூடவே வந்து மொழிபெயர்த்தார். சோமசேகரன் கையைப் பிடித்து நெடுநேரம் நன்றி சொன்னான். நீலாயதாட்சி கொடுத்த முறுக்கைச் சோமசேகரன் ஒரு பக்கமாகவே கடிப்பதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னான்.

"வாயைத் திறக்கச் சொல்கிறார்" என்றார் அம்மாள் பிரெஞ்சில். "ஊரில் இவர் பல் டாக்டர்."

டார்ச் லைட் வந்தது. கீழ்வரிசையில் கடைசிப் பல்லை உடனே பிடுங்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதைக் கேட்டதும் அடுத்த வீட்டுச் செல்லையன் முன்னால் வந்து வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அமீர் நிஷா. மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை வரிசை வாசல் தாண்டி நின்றது. வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள் நீலாயதாட்சி.