எடை போதாத ஆட்டக்காரன்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்னமும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் நாங்கள் எட்டுப் பேர், அமெரிக்கன் ஃபுட்போலை வைத்து ஃபேன்டஸி விளையாடுகிறோம். ஆளாளுக்கு நிஜ ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுப்போம். அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளிகள் விழும்.

இந்த முறை யூட் ஒரு புதியவனை எடுத்தான். எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவன். குள்ளம், மெலிந்த உடம்பு, ஆனால் பேய் ஓட்டம்.

"உந்த உடம்பு ஒரு இடி தாங்காதடா. ஒரு மாதத்தில முறிஞ்சு போவான்" என்றேன்.

எங்களில் ஆகக் கட்டையான யூட் சிரித்தான். "பிடிபட்டாத்தானே அண்ணை முறியிறதுக்கு."

நான்கு வாரமும் அவன் பிடிபடவில்லை. யூட் முதலிடத்துக்குப் போய்விட்டான். எனக்கு வயிறெரிந்தது.

ஐந்தாம் வாரம் எல்லோரும் என் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டபடி ஆட்டம் பார்த்தோம். பந்தைப் பிடித்த யூட்டின் ஆட்டக்காரன்மீது இரண்டு தடியர்கள் மோதினார்கள். விழுந்தவன் அசையவில்லை.

நான் துள்ளி எழுந்தேன். "நான் சொன்னன்தானே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. யூட் சிலுவை அடையாளம் போட்டான். நானோ போனை எடுத்து, யூட் எத்தனையாம் இடத்துக்கு இறங்குவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைப் பொத்தியிருந்த என் மகள், கையை எடுக்காமலே டேனிஷில் கேட்டாள்: "அப்பா, அவர் எழும்பிட்டாரா?"

எனக்குத் தெரியவில்லை.

"எழும்பிட்டார், பிள்ளை. நடந்து போறார்" என்றான் யூட்.

அந்த ஆட்டக்காரனுடைய உயரம், எடை, வேகம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவன் எழும்பியதை மட்டும் நான் பார்க்கவில்லை.