பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த போரைப் போட்டவர் என் வீட்டுக்காரர். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவர், சங்ககிரியில் நாங்கள் வீடு கட்டியபோது தானே கூட நின்று போட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வாயில் வைத்தால் உப்பு. "ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி, நம்மூட்டுக்கு மட்டும் உப்புங்களா?" என்று நான் கேலி செய்யாத நாளில்லை. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைத்தான் பிடித்து வைப்போம்.

பிறகு ரிக் கப்பலேறி தான்சானியா போனது. அவரும் போனார். கடைசியாக விடுப்பில் வந்தபோது, நான் தனியாகக் கிடக்கிறேனே என்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்தார். இரண்டரை அடி நீளம்தான். அதில் விட்ட ஏஞ்சல் மீன்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு சூரமங்கலத்தில் மீன் வாங்கிய கடைக்கே போய், சீக்கு மீனை விற்றீர்களா என்று சண்டைக்கு நின்றேன்.

"என்ன தண்ணிங்க ஊத்தினீங்க?" என்றார் கடைக்காரர்.

"போர் தண்ணி. பருப்பே வேகாதுங்க."

"அதை மொதல்லயே சொல்லோணுமல்லங்க? ஆப்பிரிக்கா சிக்லிட் மீனு எடுங்க. அதுகளுக்கு அந்தத் தண்ணிதான் வேணும்."

அந்த மீன்களின் பூர்வீகம், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய ஏரி என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடலைப் போல இருக்கும், நான் பார்த்திருக்கிறேன் என்று கடையில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் இவை பிறந்ததென்னவோ சென்னைப் பக்கம் என்று கடைக்காரர் சிரித்தார்.

அவருக்குப் பிடித்தது கறுப்புக் கோடு போட்ட ஒரு நீல மீன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னத் தொட்டியில் நீலத்தை விட்டால் மற்றதையெல்லாம் முட்டி ஓரங்கட்டிவிடுமாம். மஞ்சள்தான் சாது, அதிலும் ஒரே வகையாக எடுக்க வேண்டும் என்றார்.

"ஜோடியா ரெண்டு எடுத்துக்கறமுங்க" என்றார் இவர்.

"ஜோடி ஆகாதுங்க. ரெண்டு மட்டும் இருந்தா ஆணு தொரத்தித் தொரத்தியே பொட்டையக் கொன்னுபோடும். ஆறா உடுங்க. அடி எல்லாத்துக்கும் பங்காயிரும்."

"அடி வாங்கறதுக்கும் கூட்டாளி வேணுமாட்ட இருக்குது" என்றேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு மஞ்சள் மீன் எடுத்தோம். கிளம்பும்போது மறுபடியும் போய் நீலத்தின் முன்னால் நின்றார்.

"அடுத்த தடவ வந்து பெரிய தொட்டி வாங்கறேன் அம்மிணி. அப்ப இவனையும் கூட்டிக்கிட்டுப் போலாம்."

தான்சானியா திரும்பிப் போன பிறகு தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவார். போனைத் தொட்டிக்கு நேராக உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு நான் வெங்காயம் உரிப்பேன். "பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கறதுக்கு மீன் மூஞ்சி தேவலைங்களா?" என்பேன். "அதுக என்னை வையறதில்லை" என்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அங்கே அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொன்னார். ஒரு சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாள் அவரோடு வேலை செய்தவர் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் பெட்டியில் வந்தார். அவரை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிக் கழுவினார்கள். அது வழக்கம். குடம், அண்டா, பாத்ரூம் வாளி வரைக்கும் கவிழ்த்தார்கள். என் நாத்தனார் தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மீன்களை விட்டிருக்கிறார். அழுது வீங்கிய முகத்தோடு வந்து என்னிடம் சொன்னார்.

"தம்பி ஆசையா வாங்குன மீனு, தீட்டுத் தண்ணியில கெடக்கலாமா சாமி? உப்புத் தண்ணிகூட ஊத்தலை. பக்கத்தூட்டுல வாங்கி, குடிக்கற காவேரித் தண்ணியாப் பாத்து ஊத்தியிருக்கறேன்."

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. விடிந்தபோது ஆறும் மிதந்தன. நாத்தனாரை எப்படித் திட்டுவது? கிடைக்கிறதிலேயே உசத்தியானதை அல்லவா ஊற்றியிருந்தார். வீட்டுக்காரர் செத்ததற்கு அழுததைவிட அந்த மீன்களுக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கருமாதி முடிந்ததும் சூரமங்கலம் போனேன். இத்தனை சீக்கிரம் வெளியே போகக் கூடாது என்றார்கள். போனேன். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து இருக்கும், ஒரேயடியாக மாற்றினால் எந்த மீனும் தாங்காது என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம், "அதே மஞ்சள் தரட்டுங்களா?" என்றார்.

நான் நீலத்தைக் காட்டினேன்.

"தொட்டியில வேற எதுவும் இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அப்பச் சரிங்க. ஒத்தையா இருந்தா சண்டைக்கு வழியில்லை."

வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டு, அவர் போட்ட போரின் தண்ணீரைத் தொட்டியில் நிறைத்தேன். நீல மீனை விட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. சாயங்காலம் ஆகியிருந்தது. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், போனை உப்பு ஜாடியில் தொட்டிக்கு நேராகச் சாய்த்து வைத்திருந்தேன்.