சத்தம் குறைந்த ட்ரோன்

என் கணவருக்குக் கல்யாண வீடியோ எடுப்பது தொழில். எனக்கும் அதுதான். அவர் முன்னால் நின்று எடுப்பார், நான் பக்கத்தில் நின்று இரண்டாவது கமராவைப் பிடிப்பேன். கல்யாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிடும் அறைபோல, ஆண்கள் எட்டிப் பார்க்க முடியாத இடங்களில் எல்லாம் நான்தான் ராசா. கோப்பாயில் எங்கள் வீட்டு முன்னறையே ஸ்ரூடியோ. கொஞ்சக் காலமாக வந்த ஆட்களெல்லாம் விலை கேட்பதற்கு முன்னமே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ட்ரோன் இருக்கா? இல்லை என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

இவர் ஒருநாள் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு ட்ரோனை இரவலாக வாங்கி வந்து, எனக்கு ஒரு சொல் சொல்லாமல், பின்வளவில் பறக்கவிட்டார். நான் குசினிக்கு வெளியே விறகடுப்பில் சோறு வைத்திருந்தேன். தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. அதற்குப் பிறகு நான் யோசித்து எதையும் செய்யவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினேன். கொடியில் கிடந்த உடுப்புகளை, காய்ந்தது காயாதது பார்க்காமல், வாரி அள்ளினேன். அள்ளிக்கொண்டு மாமரத்துக்குக் கீழே ஓடிப்போய்க் குந்தி, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன்.

இவர் ரிமோட்டும் கையுமாக வந்து நின்று, மழை வரப்போகுதோ என்று கேட்டார். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. ஓம், வாற மாதிரிக் கிடக்கு என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நனைந்துபோன அடுப்பைப் பார்த்தார். பிறகு ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அன்றைக்குக் கடையில் வாங்கிய பாண்தான் சாப்பாடு.

நான் வன்னியில் வளர்ந்தவள். கடைசிச் சண்டைக்குள் இருந்து வந்தவள். இவர் அந்தக் காலம் முழுக்க யாழ்ப்பாணத்திலேயே இருந்தார். இவருக்கு ஊரடங்கு தெரியும், சுற்றிவளைப்பு தெரியும், வண்டு தெரியாது. வண்டு என்று நாங்கள் சொன்னது ஆளில்லாத வேவு விமானத்தை. அது குண்டு போடாது. உயரத்தில் நின்று இரைந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அது பார்த்துவிட்டுப் போன இடத்துக்குப் பிறகு ஷெல் வரும். ஆகவே இரைச்சல் கேட்டவுடனே அடுப்பை அணைப்போம், புகை தெரியக்கூடாது. கொடியில் உடுப்பு கிடந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும், அதையும் எடுப்போம். எடுத்துக்கொண்டு மரத்துக்குக் கீழே போவோம். நிமிர்ந்து பார்க்கக்கூடாது, முகம் வெயிலுக்கு மினுங்கும் என்று அம்மா சொல்லுவா. மரத்துக்குக் கீழே நின்றால் தெரியமாட்டோம். அந்த வயதில் எனக்கு இருந்த தைரியம் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் நான் இவருக்குச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. ஆனால் அடுத்த கிழமையே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வந்தது. மிஷன் காலத்துப் பழைய சேர்ச்சில் கல்யாணம், பெரிய வளவு, வெளிநாட்டிலிருந்தும் வன்னியிலிருந்தும் சொந்தக்காரர் வருகிறார்கள், எல்லாரையும் மேலே இருந்து எடுக்கவேணும் என்றார்கள். இவர் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டார். அத்தனை சனத்துக்கு நடுவில் நான் கமராவைப் போட்டுவிட்டு மரத்தைத் தேடி ஓடினால் என்ன நடக்கும்? விசர் பிடித்த மனுசியைக் கூட்டிக்கொண்டு திரிகிறார் என்று ஊர் சொல்லும். அதோடு என் கமராவும் பெட்டிக்குள் போய்விடும். எனக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

அன்று பின்னேரமே இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் ட்ரோனே வேண்டாம், அந்தக் கல்யாணத்தை விட்டுவிடுவோம் என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் பயந்தவள்தான், அதற்காக என்னைக் கண்ணாடிச் சாமான்போலத் தூக்கி அலுமாரியில் வைக்கத் தேவையில்லை. வாங்குவோம், ஆனால் எதை வாங்குவது என்று நான்தான் சொல்லுவேன் என்றேன்.

யாழ்ப்பாண ரவுனில் கமராச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்கள் இருவரையும்விட வயது கூட. முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு, கை சுடாத விலையில், என்று இவர் கேட்க அவர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மிகவும் மலிவு, கிட்டத்தட்ட விளையாட்டுச் சாமான். மற்றது யாரோ பாவித்துவிட்டு விற்ற பெரியது. மூன்றாவது மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னது. மலிவானதில் ஜிபிஎஸ் இல்லை, விட்ட இடத்தில் நிற்காது, சோளகக் காற்று அடித்தால் அடுத்த வளவில் போய்ப் பொறுக்கவேண்டியதுதான் என்று அவரே உண்மையைச் சொன்னார். இவருக்குக் கண்ணெல்லாம் அந்தப் பெரியதில். நல்ல கமரா, கூடவே ஒரு பற்றரி, விலையும் பாதி. புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

நான் எது சத்தம் குறைவு என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பார்கள், படம் துலக்கமா என்று கேட்பார்கள், சத்தத்தைப் பற்றி இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை என்றார். மூன்றையும் ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். நான் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணால் பார்த்தால் அது பிளாஸ்டிக் என்று மனம் சமாதானம் சொல்லும். காதுதான் உண்மை சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

மலிவானது நுளம்பு மாதிரிக் கீச்சிட்டது. அடுத்தது பெரியது. அது எழும்பியது. அதே இரைச்சல், வயிற்றுக்குள் இறங்குகிற அதே கனம். எப்படி வந்தேன் என்று தெரியாது, படிக்கட்டுக்குக் கீழே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தேன். இவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். கடைக்காரர் அதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எங்கை இருந்தனீங்கள் தங்கச்சி என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

திரும்ப மேலே கூட்டிப்போய், சின்னதை ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன்னால் அவர் ரிமோட்டை என் கையில் தந்தார்.

"இந்தாங்கோ, நீங்களே ஏத்துங்கோ. உங்கடை கை சொன்னால்தான் இது போகும்."

சத்தம் மெல்லியதுதான். ஆனாலும் பயம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்தப் பயம் இன்றுவரைக்கும் போகவில்லை. ஆனால் கையில் வேலை இருந்ததால் ஓட முடியவில்லை. விரலை விட்டால் அது அந்தரத்தில் அப்படியே நின்றது. கீழே இறக்கினால் இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலே நிற்கிற ஒன்று அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் வாங்கவேணும், இனி இதைப் பறக்கவிடுவதும் நான்தான் என்று இவரிடம் சொன்னேன். பெரியதைப் பிரிய மனமில்லாமல்தான் மனுசன் படியிறங்கினார்.

ட்ரோனைப் பதிவதும் அனுமதி எடுப்பதும் வேறு பயம். விமான நிலையமும் ஆமிக் காம்பும் இருக்கிற பலாலிப் பக்கம் அதன் முகத்தையே திருப்பக்கூடாது என்று இவர் எனக்குப் பாடம் எடுத்தார். பழகுவதற்குத் தோட்டவெளிக்குப் போனோம். வேலிக்கு மேலாகப் போனால் கிணற்றடியில் குளிக்கிற பெண்டுகள் பேசுவார்கள், நியாயம்தானே, அதனால் வெறும் வெங்காயப் பாத்திகளுக்கு மேலேதான் விட்டேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வேர்த்து ரிமோட் வழுக்கும். இவர் பக்கத்தில் நிற்பார்.

கல்யாணத்தன்று ஆராதனை முடிந்து எல்லாரும் சேர்ச் முற்றத்தில் கூடினார்கள். நான் வாசல்படியில் நின்று ட்ரோனை ஏற்றினேன். சனம் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டியது. என் கண் ரிமோட்டில் பொருத்திய போன் திரையில். மாப்பிள்ளையும் பொம்பிளையும் நடுவில், சுற்றிவரச் சின்னச் சின்ன முகங்கள், எல்லாம் வெயிலுக்கு மினுங்கின. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

அப்போது ஓரத்தில் ஒருத்தி மட்டும் அசைந்தாள். சிவப்புச் சேலை. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்பிள்ளையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடி, இழுத்துக்கொண்டு, மதில் ஓரத்து வேம்புக்குக் கீழே போய்க் குந்தினாள். எங்கிருந்து வந்தவள் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. இப்போதெல்லாம் பறக்கவிட முன்னம் ஒலிவாங்கியில் சொல்லிவிடுகிறோம், சின்ன ட்ரோன் ஒன்று மேலே போகுது, அது எங்கடை, பயப்படாதையுங்கோ என்று. அன்றைக்கு அந்த யோசனை வரவில்லை.

அதுவரைக்கும் நான் பயந்தது என்னைப்பற்றி மட்டும்தான். நான் பிடித்திருந்த ஒன்றுக்கு இன்னொருத்தி பயப்படுவாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் அடுத்த கணத்தில் வந்தது. திரையை உற்றுப் பார்த்தேன். வேப்பிலைகளுக்கூடாக அந்தச் சிவப்புச் சேலை நன்றாகவே தெரிந்தது. முதுகு தெரிந்தது. பிள்ளையின் கால் தெரிந்தது. நான் தேடக்கூட இல்லை. இந்தச் சின்னக் கமராவுக்கே இவ்வளவும் தெரிகிறதென்றால், வண்டை விட்டவனுக்கு அன்றைக்கு எல்லாமே தெரிந்திருக்கும். எங்கள் ஒவ்வொரு மரமும் தெரிந்திருக்கும். கீழே நாங்கள் குந்தியிருந்ததும் தெரிந்திருக்கும்.

ட்ரோனை இறக்கினேன். மாப்பிள்ளையின் தகப்பன் என்ன பிள்ளை, முடிஞ்சுதோ என்று கேட்க, இவர் எதையோ சொல்லிச் சமாளித்தார். நான் வேம்படிக்குப் போனேன். அவள் எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு, வெயில் தாங்கேலாமல் வந்தனான் என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"அக்கா, உது என்ரை. நான்தான் பிடிச்சிருந்தனான். நானும் அங்கை இருந்தனான்."

அவள் பிள்ளையின் தலையிலிருந்து தலைப்பை மெல்ல எடுத்தாள். பிறகு என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"மரத்துக்குக் கீழை நிண்டால் தெரியாதுதானே?"

போன் திரையில், ட்ரோனை இறக்க முன்னம் பதிவான, அவளும் பிள்ளையும் வேம்புக்குக் கீழே குந்தியிருந்த படம் இன்னும் அழியாமல் நின்றது. நான் திரையை வயிற்றோடு சேர்த்துத் திருப்பிப் பிடித்தேன்.

"ஓம் அக்கா," என்றேன். "தெரியாது."