பலகைச் சத்தம்

இலங்கை ஹொக்கி அணிக்காக ஆடியவள் என்று சொன்னால் திருகோணமலையில் எவரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கோல் அடித்தீர்கள் என்பதுதான். ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் ஆடியும் ஒரு கோல்கூட இல்லை. நான் பின்னால் நின்று தடுத்தவள். அதைச் சொன்னதும் கேட்டவரின் முகத்தில் வரும் இரக்கத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஹொக்கிக் கோலின் உள்ளே, வலைக்குக் கீழே, ஒரு பலகை இருக்கும். கோலுக்குள் போகும் பந்து அதில் மோதும். டொம். அடித்தவளுக்கு அது மேளச் சத்தம். தடுக்கத் தவறியவளுக்கு யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல இருக்கும். அரைத்தூக்கத்தில் எனக்கு இப்போதும் அது கேட்கும்.

முதல் வெளிநாட்டு ஆட்டத்தில் கேட்ட சத்தம் அது. தரை நீலம். ஆட்டத்துக்கு முன் அதில் தண்ணீர் அடித்தார்கள். வெயிலில் அது எங்கள் துறைமுகக் கடல் மாதிரியே கிடந்தது. சப்பாத்தோடு கடலில் இறங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். எங்கள் ஊர்ப் பாலையூற்றில் நான் பழகியது கல்லும் பருக்கையுமான மைதானம். அங்கே பந்து தவளைபோலத் துள்ளும். அதனால் மட்டையை இரண்டு விரல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். என் கை அப்படியே பழகிவிட்டது. நீலத் தரையில் பந்து துள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து, அந்த இரண்டு விரல் இடைவெளியால் போனது. டொம். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

திரும்பும் பேருந்தில் பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் வந்து இருந்தார். ஒரு மாதத்தில் அடுத்த ஆட்டம், அதிலும் பந்து கீழால் போனால் என் இடத்துக்கு வேறு ஆள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சொன்னதைச் செய்வார் என்று தெரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு அந்த இடத்தைவிட வேறு ஆசை இருந்ததில்லை.

அந்த மாதிரித் தரைக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். எங்கள் ஊரில் மட்டமாகவும் ஈரமாகவும் எது இருக்கிறது? அண்ணன் வேலை செய்யும் இடம் இருந்தது. கடற்கரையோர ஏலக் கூடத்தில் மீன் எடுத்து வெளியூருக்கு லொறி ஏற்றுகிறவன் அவன். காலை ஒன்பது மணிக்குள் ஏலம் முடிந்துவிடும். பிறகு கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு ராத்தா சீமெந்துத் தரையைக் கழுவுவார். முஸ்லிம் அக்காமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தரையில் தண்ணீர் நிற்கும்போது கூரையும் தூண்களும் வெளியே நிற்கும் கப்பலும் தலைகீழாகத் தெரியும். நான் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

தண்ணீரைத் தள்ளாமல் கொஞ்சநேரம் விடச்சொல்லிக் கேட்டேன். ராத்தா என்னையும் மட்டையையும் மேலும் கீழும் பார்த்தார். உன் தங்கச்சிக்கு முத்திப்போயிற்று என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

வெறும் மரப்பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கினோம். அதுதான் கோல். அண்ணன் சின்ன வயதுச் சண்டைகளை எல்லாம் மனதில் வைத்து அடித்தான். ராத்தா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தராசு மேசைகளைத் தேய்ப்பார். பந்து பெட்டியில் மோதும். டொம். "போச்சு," என்பார், திரும்பாமலே. டொம். "இதுவும் போச்சு."

முதல் வாரம் முழுக்கப் போச்சுத்தான். மட்டையைத் தரையோடு படுக்க வைத்தால் விரல் முட்டி சீமெந்தில் உரசும். தோல் கழன்று, மீன் உப்புப் பட்டு எரியும். ஒருநாள் மட்டையை எறிந்துவிட்டேன். ஏலாது, இந்தக் கை இனித் திருந்தாது என்று கத்தி அழுதேன். ராத்தா குழாயைத் திறந்தார். காய்ந்துபோன இடங்களில் மறுபடியும் தண்ணீர் அடித்தார். எனக்காக அவர் இரண்டாம் தரம் கழுவுகிறாரே என்ற வெட்கத்தில்தான் மட்டையைப் பொறுக்கினேன்.

நாலாம் வாரம் ஒரு காலை. தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. பந்து வந்தது, நின்றது. வந்தது, நின்றது. நான் நிற்பது கரையிலா கடலிலா என்பதே மறந்துபோனது. எவ்வளவு நேரமோ தெரியாது. ராத்தா சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"நிக்கிறீங்களா? சத்தத்தக் காணல்ல. போயிட்டீங்களாக்கும் எண்டு நெனச்சன்."

அடுத்த ஆட்டம் நம் ஊர் நேரப்படி காலை பத்து மணிக்கு. திரும்பவும் நீலம், திரும்பவும் தண்ணீர். கடைசி நிமிடங்களில் அதேபோல ஒரு பந்து, அதே பக்கத்தால். அந்த நேரம் எனக்கு மீன் வாசம் அடித்தது, நம்பினால் நம்புங்கள். விரல் முட்டியைத் தரையில் உரசவிட்டேன். பந்து மட்டையில் நின்றது. அவர்களும் அடிக்கவில்லை, நாங்களும் அடிக்கவில்லை, கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்தது. பயிற்றுவிப்பாளர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். இடம் எனக்குத்தான் என்று விளங்கியது.

ஊருக்கு வந்தால் எல்லோருக்கும் ஏமாற்றம். கோலே இல்லாத ஆட்டமும் ஒரு ஆட்டமா என்றார் பக்கத்து வீட்டு மாமி. நான் நேரே ஏலக் கூடத்துக்குப் போனேன். ராத்தா தரை கழுவிக்கொண்டிருந்தார். ஆட்டம் நடந்த அன்றைக்கு அண்ணன் தன் போனில் ஆட்டத்தைப் போட்டு, தராசு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எங்க புள்ள பாக்கிற, வேல கெடந்திச்சி. கழுவிக்கிட்டே கேட்டன்." குழாயை மூடினார். "கடைசி மட்டும் பெட்டிச் சத்தம் வரல்ல. சரி, நம்மட புள்ள அங்க நிக்கிறா எண்டு தெரிஞ்சிச்சி."