முதல் மழையும் வாய் பிளந்த மீன்களும்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதம் நடந்தது இது. போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீடு. சுற்றிலும் கடல் இருக்க, கொல்லையில் குளம் வெட்டி மீன் வளர்க்கிறவன் என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள். காரணம் என் மனைவி. சிவகங்கைப் பக்கத்துக்காரி, கண்மாய் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். இங்கே வந்து பதினாறு வருடமாகியும் கடல் மீன் அவளுக்கு ஒத்துவரவில்லை. அவளுக்காகத்தான் ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டேன். ஆனால், தவிடு போடப் போனாலே அவை கரைக்கு வந்துவிடுவதைப் பார்த்த பிறகு, ஒன்றைக்கூடப் பிடிக்க அவள் விடவில்லை. இருபத்தைந்து மீன்கள் நிம்மதியாக வளர்ந்தன.

அந்த வருடம் கோடை கடுமை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். குளம் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. மழைக்கு முன் தகரக் கூரைக்குப் பெயிண்ட் அடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம், உப்புக் காற்றுக்கு வேறு வழியில்லை. நானே ஏறி, துருவைச் சுரண்டி, சிவப்பு பெயிண்ட் அடித்து, பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசி, அதையும் கூரையோரத் தகரக் கால்வாயிலேயே ஊற்றிவிட்டு இறங்கினேன். பிறகு அந்தக் கால்வாயின் பைப்பைக் குளத்துக்குத் திருப்பி வைத்தேன். ஒரு சொட்டு வீணாகக் கூடாதே.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மழை கொட்டியது. சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். விடிந்ததும் மனைவி எழுப்பினாள்.

"என்னங்க, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. நாலஞ்சு மல்லாந்து கெடக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் மேல் நுரை, பளபளவென்று ஒரு படலம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஆளுயர வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெங்காலிக் குடும்பம். அவர்கள் துணி துவைக்கும் கல் வேலியோரம்தான் இருந்தது. சோப்புத் தண்ணீர் எங்கள் பக்கம் வருகிறது என்று முன்பே இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன். வேலியருகே நின்று, எனக்குத் தெரிந்த இந்தியிலெல்லாம் கத்தினேன். தெருவே வந்து பார்த்தது.

அந்த மனிதருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வேலியைச் சுற்றிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார். குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்தார். பைப்பின் வாயில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் முழுக்கச் சிவப்புக் குழம்பு.

"பெஹ்லா பானி சோடா நஹீ?" என்றார். முதல் தண்ணீரை வெளியே விடவில்லையா என்கிறார்.

தகரக் கூரையின் முதல் மழைத் தண்ணீரை யாரும் பிடிப்பதில்லை என்பது இந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். நாங்கள் குடிக்கும் டிரம்மாக இருந்தால் நானும் பிடித்திருக்க மாட்டேன். மீனுக்குத்தானே என்று நினைத்திருக்கிறேன்.

பைப்பைப் பிடுங்கி வெளியே திருப்பினார். உயிரோடு இருப்பவற்றை உடனே வேறு தண்ணீருக்கு மாற்ற வேண்டும் என்றார். எங்கள் டிரம்கள் காலி. அன்று குழாய் முறை, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாளியோடு ஓடிய என் மனைவியை அவர் தடுத்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும், அதிலும் செத்துவிடும் என்றார். தன் வீட்டில் மூன்று நாளாகத் திறந்து கிடக்கும் தண்ணீரில் மருந்து போயிருக்கும், அது சரியாக இருக்கும் என்று சொல்லி என்னைக் கூட்டிப் போனார். குளிக்க, துவைக்க அவர்கள் சேர்த்து வைத்திருந்த மூன்று டிரம்.

வாளி தூக்கிக்கொண்டு அங்கே நுழைந்தபோதுதான் பார்த்தேன். வேலியோரம் துவைக்கும் கல்லே இல்லை. வீட்டின் மறுபக்கம் தென்னை மரங்களுக்கு நடுவே போட்டிருந்தார்கள். தண்ணீர் அங்கேயே மரத்துக்குப் பாய்ந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். போன வருஷம் நீங்கள் சத்தம் போட்ட மறுநாளே, என்றார் அந்த அம்மா, சாதாரணமாக. ஒரு வருடமாக நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்திலேயே வாளியை வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல அவமானமாக இருந்தது.

கொசுவலையால் மீன்களை அள்ளி அந்த டிரம்களிலேயே விட்டோம். பதினாறு பிழைத்தன. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அவர் காது கொடுக்கவில்லை. குளத்தை முழுதாக இறைத்துச் சேற்றையும் எடு, அப்புறம் பேசலாம் என்றார்.

இப்போதும் ஏப்ரல் முடிந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "பாய், பைப் நிகாலா?" குளத்திலிருந்து பைப்பை எடுத்துவிட்டாயா தம்பி என்று அர்த்தம். எடுத்துவிட்டேன் என்பேன். அவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். அந்தக் காலைக்குப் பிறகு யார் மீது கோபம் வந்தாலும், வாய் திறப்பதற்கு முன் ஒருமுறை என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.