கசடு கொட்டாத மூலை

சுத்திகரித்த சாக்கடைக் கசடை உரமாக வயலில் கொட்டினால் மண்ணில் என்னென்ன ரசாயனம் சேர்கிறது என்பதுதான் என் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, கசடு படாத மண்ணும் கொஞ்சம் வேண்டும். வல்லக்கோட்டைப் பக்கம் நான் போன வயல்களில் எல்லாம் கொட்டியிருந்தார்கள். உரம் இலவசமாக வந்தால் யார் வேண்டாமென்பார்கள்?

அலைந்து ஓய்ந்திருந்தபோது ஒரு அம்மா கூப்பிட்டார். அவருடைய வயலின் மூலையில் ஒரு சமாதி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்த மகன் ஒரகடம் ரோட்டில் லாரி மோதி இறந்துபோக, சொந்த நிலத்திலேயே புதைத்திருக்கிறார்.

"இங்க மட்டும் ஒரு கூடைகூட கொட்ட வுடல. எம்புள்ள படுத்துகினு கீறான். உனக்கு வேணுங்கறத எடுத்துக்கம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு, சமாதிக்குப் பக்கத்திலிருந்து மண் எடுத்தேன்.

பரிசோதனையில் அந்த மண்ணிலும் அதே ரசாயனங்கள் இருந்தன. ஆய்வு கெட்டதைவிட, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் என்னை அரித்தது. மறைக்கவும் மனம் வரவில்லை. நேரில் போனேன்.

"இந்த மண்லயும் அந்த ரசாயனம் இருக்கும்மா. மழைத் தண்ணி உங்க வயல்லேர்ந்தே அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்," என்றேன்.

அவர் சமாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தி ஒரு வரப்பு போட்டிருக்கணும்," என்றார். "எனக்குத் தோணாம பூட்ச்சே."

கசடைக் கொடுத்தவர்களையும் பிறகு பார்த்தேன். அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு டீ கொடுத்தார்கள். இந்த ஆய்வில் நான் சந்தித்த எல்லோரிலும், தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.